கடையில் வாங்காத கீபோர்டு

புது கீபோர்டை மவுண்ட் ரோடு கடையில் வாங்காமல் நேரே கம்பெனியிலேயே ஏன் வாங்கினாய் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், சீல் உடைக்காத பெட்டி வேண்டும் என்று நினைத்தேன் என்பேன். அது பொய். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. டெமோ பீஸ் என்று ஒன்றைக் கடையில் விரித்து வைத்து, பஜ்ஜி தின்ற கையோடு வருகிறவன் போகிறவன் எல்லாம் தடவிய பிறகு, அதையே துடைத்து நம் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. சந்தேகமும் கோபமும் என் கூடப் பிறந்தவை. ஆனால் அந்த முறை காரணம் வேறு. காரணம் எங்கள் தபேலாக்காரன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் ஒன்று அது. வாரம் முழுக்க மறைமலைநகரில் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்துவிட்டால் செங்கல்பட்டு மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு. என் பழைய கீபோர்டுக்கு வயதாகிவிட்டது. நடுவில் ஒரு கட்டையை அழுத்தினால் பல சமயம் சத்தம் வராது, வந்தால் போகாது. ஒரு வரவேற்பில் அந்தச் சத்தம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்க, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "சுருதிப் பெட்டிய கொஞ்சம் கொறைச்சு வைங்க தம்பி" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், புதுசு வாங்குவதென்று.

தபேலாக்காரனுக்கு என் வயதுதான். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். கச்சேரி அன்று மட்டும் விரல்களை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவி, மேலே பவுடர் அடித்துக்கொண்டு வருவான். அப்படியும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். அவனுக்கு மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். சைக்கிள் கடையா என்று பெண்ணின் அப்பா முதலில் இழுத்திருக்கிறார். பையன் மேடையில் தபேலா வாசிக்கிறான் என்று தரகர் சொன்னதும், "அப்டியா, ஒரு வாட்டி பாத்துட்டு சொல்றோம்" என்றாராம். தை மாதம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு எங்கள் குழுவுக்கு வந்திருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு, அவனுக்குப் பார்த்த பெண்ணின் வீட்டாருக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். அங்கேயே பையனைப் பார்த்துவிடுவது என்று பேச்சு. இதைச் சொல்லும்போதெல்லாம் அவன் இரண்டு தொடையிலும் தாளம் போட்டுக்கொண்டே சொல்வான்.

கீபோர்டு பார்க்க மூன்று பேர் போனோம். நான், அவன், எங்கள் ஓனர். ஓனர் என்றால் குழுவை நடத்துகிறவர். மைக், ஸ்பீக்கர், வேன் எல்லாம் அவருடையவை, ஆண் குரல் பாட்டுகளும் அவருடையவை. வாங்கப்போவது என் சொந்தச் செலவில்தான், ஆனாலும் கருத்துச் சொல்ல ஆள் வேண்டாமா, வந்தார்.

அந்த மாடல் அப்போதுதான் இறங்கியிருந்தது. கடைக்காரர் டீ வரவழைத்தார். எங்களைத் தொட்டுப் பார்க்க விட்டார், வாசித்துப் பார்க்க விட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீல ஃப்ளாப்பியை எடுத்தார்.

"கம்பெனி குடுக்கிறது வெள்ளைக்கார தாளம் சார். இது நம்ம கடை சரக்கு. நம்மகிட்ட வாங்கறவங்களுக்கு மட்டும் சும்மா தர்றோம்."

ஃப்ளாப்பியைச் செருகி ஒரே ஒரு பட்டனை அழுத்தினார். தபேலா வந்தது. நல்ல தபேலா. வலதும் இடதும் தனித்தனியாக, இடதில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கிற அந்தக் கும்கியோடு, அட்சரம் பிசகாமல். தபேலாக்காரன் கண்ணாடி மேசை மேல் கூடவே தட்ட ஆரம்பித்தான். ஓர் ஆவர்த்தனம் தட்டினான், இரண்டு தட்டினான், பிறகு விரல்கள் நின்றுவிட்டன.

"சூப்பரா கீதுண்ணா" என்றான் கடைக்காரரிடம்.

"ஸ்பீக்கர் கிட்ட மட்டும் வெச்சுடாதீங்க" என்றார் அவர். "காந்தம் பட்டா அத்தனையும் அழிஞ்சிடும். எல்லார்கிட்டயும் படிச்சுப் படிச்சு சொல்றேன், கேக்க மாட்டேங்கறாங்க."

ரயிலில் திரும்பும்போது ஓனர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். கெட்டவர் இல்லை. எங்கள் வேனில் ஆட்களும் பெட்டிகளும் ஒருவர் மடியில் ஒருவராகப் போவது அவருக்கு எப்போதும் தலைவலி. "தை கச்சேரிக்கே இத வெச்சு ஓட்டிடலாம் போல கீதே" என்றார். "தபேலாவுக்குன்னு தனியா ஒரு ஆளு, ஒரு மைக்கு, ஒரு சீட்டு எதுக்கு? இவன் சவுண்டு பாத்துக்கட்டும்." இவன் என்று அவர் சொன்னவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் ரயிலை விட்டு இறங்காதவன் அன்றைக்குக் கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஏறிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு நியாயம் பேச வராது, வீம்புதான் வரும். "நான் கடைல வாங்கப்போறதில்லண்ணா. கம்பெனிலயே டைரக்டா வாங்கப்போறேன். பேப்பர்ல விளம்பரம் பாத்தேன். சீல் உடைக்காம வூட்டுக்கே வருமாம்" என்றேன்.

ஓனர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஃப்ளாப்பி?"

"எனக்கு வேணாம்."

"அரசன நம்பி புருசன கைவுட்ட கதயா கீது" என்றார் ஓனர். பெட்டியில் இருந்த முன்பின் தெரியாத இரண்டு பேர்கூடச் சிரித்தார்கள்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். வடக்கே எங்கோ ஒரு பெண் எடுத்து முதலில் இந்தியில் கேட்டார், பிறகு என் இந்திக்கு இரங்கி ஆங்கிலத்துக்கு வந்தார். செங்கல்பட்டு என்று ஓர் ஊரே இல்லை என்றார். இருக்கிறது அம்மா, நான் அதில்தான் நிற்கிறேன் என்றேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். இல்லை. செங்கல்பேட் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் இல்லை. கடைசியில் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சிங்கிள்புட் என்ற பெயரைச் சொன்னதும், "யெஸ் சார், யெஸ் சார்" என்று பூரித்துப்போனார். கடையில் டீ கொடுத்து உட்கார வைத்தார்கள், இங்கே என் ஊரையே கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார்களே என்று நொந்துகொண்டேன். மீட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

கீபோர்டும் சொன்ன நாளில் வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி பார்சல் ஆபீசில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் கிடந்தது. பெட்டி மேல் எங்கள் ஊர்ப் பெயரை மூன்று விதமாக எழுதி இரண்டை அடித்திருந்தார்கள். ஆனால் சீல் உடையவில்லை. அதைத் தபேலாக்காரன் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, தலைப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருகிற மாதிரி தள்ளிக்கொண்டு வந்தான்.

என் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். தபேலாக்காரன் சந்தனம் குங்குமம் வைக்க வந்தான். கட்டைகளுக்குள் போய்விடும் என்று நான் கத்தியதால் பெட்டிக்கு மட்டும் வைத்தான், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டான். நான் தாளங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். சம்பா வந்தது, ரும்பா வந்தது, வால்ட்ஸ் வந்தது, போல்கா என்று ஒன்று குதித்துக்கொண்டு வந்தது.

"கல்யாண வூட்ல எவன்டா போல்கா கேக்கறான்?" என்றார் ஓனர்.

"தபேலா இல்லியேண்ணா" என்று நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கும்மாளம். ஓனர் விடவில்லை, கடைக்கே போன் பண்ணி ஃப்ளாப்பியை மட்டும் கேட்டார். கடைக்காரர், "எங்க வாங்கினீங்களோ அங்க கேளுங்க" என்று வைத்துவிட்டார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் குழுவில் எனக்குப் போல்கா என்றுதான் பெயர். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், மாமல்லபுரத்து மேடையில் தபேலாவுக்கு இடம் இருந்தது. எனக்கு அது போதும்.

கச்சேரி நாள் வந்தது. மத்தியானம் செங்கல்பட்டில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். தபேலாக்காரன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, தடவி வாரிய தலை. மேல் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய எதையோ எடுத்து என் கையில் வைத்தான். நீல ஃப்ளாப்பி.

"ஏதுடா இது?"

"கடைக்கு நாலஞ்சு வாட்டி போனேன் மச்சான். தர மாட்டேன்னு தொரத்தினே இருந்தாரு. அப்பால மனசு எறங்கி ஒரு காப்பி போட்டுக் குடுத்தாரு."

"எதுக்குடா போன?"

"எல்லாம் உன்ன போல்கா போல்கான்னு சிரிக்கறானுங்க. அவ்ளோ ஆசையா வாங்கின. எனக்கு பேஜாரா கீது."

"டேய், இது வந்துட்டா உனக்கு..."

"தெரியும். நான் இன்னா கொயந்தயா?" என்றான். "பொண்ணு வூட்ல சைக்கிள் கட வேலன்னே சொல்லிடலாம். நெசமும் அதான?"

எனக்கு ஆத்திரம் வந்தது. நான் யாருக்காக ஊரெல்லாம் சிரிக்க நின்றேனோ, அவனே போய்க் கெஞ்சிக் கூத்தாடி இதை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். அவனை ஓர் அறை விடவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. அதற்குள் ஓனர் கண்ணில் ஃப்ளாப்பி பட்டுவிட்டது.

"வந்துருச்சா? அப்ப இன்னிக்கே போட்டுடலாம்" என்றார். தபேலாக்காரனைப் பார்த்து, "நீ கீழ சவுண்டு பாத்துக்கோ நைனா" என்றார். அவன் தலையாட்டினான். ஆனாலும் தபேலாப் பையை வேனில் ஏற்றிக்கொண்டான். வழக்கம்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எல்லோரும் கண்ணயர்ந்துவிட்டார்கள். என் காலடியில் கூம்பு ஸ்பீக்கர்கள் கிடந்தன. அவற்றின் வால் பக்கம் யூனிட் என்று கனமாக ஒன்று இருக்கும். உள்ளே பெரிய காந்தம். சிந்தின ஆணி, ஊக்கு எல்லாவற்றையும் பொறுக்க நாங்கள் அதைத்தான் பயன்படுத்துவோம். ஃப்ளாப்பியைக் கவரிலிருந்து எடுத்தேன். யூனிட்டுக்கு அருகில் கொண்டுபோனதும் ஃப்ளாப்பியின் தகர மூடி டக்கென்று தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும் என்று கையை எடுத்துவிட்டேன். உப்புக் காற்று முகத்தில் அடித்து, மற்றவர்கள் சோம்பல் முறிக்க ஆரம்பித்த பிறகுதான் பிய்த்தெடுத்துப் பையில் போட்டேன்.

மண்டபத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. மூன்றாவது வரிசையில் தபேலாக்காரனுக்குப் பார்த்த பெண்ணும் வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் மேடையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி மேடையைப் பார்த்தாள். தபேலாக்காரன் கீழே மிக்சர் பக்கத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

ஓனர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க, ஃப்ளாப்பியைச் செருகினேன். கீபோர்டு கொரகொரவென்றது, திரையில் பிழை என்று காட்டியது. எடுத்து ஊதிவிட்டு மறுபடி செருகினேன். மறுபடி பிழை.

"இன்னாபா இது?"

"தெரியலண்ணா. கம்பெனி மிஷினுக்குக் கடை ஃப்ளாப்பி ஒத்துக்கல போல."

"டைரக்டா வாங்கறேன் டைரக்டா வாங்கறேன்னு குதிச்சியே, பாரு" என்று ஓனர் தலையில் அடித்துக்கொண்டார். மணமக்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அவர் கீழே பார்த்துக் கை நீட்டினார். "மேல வாப்பா, சீக்கிரம்."

அவன் ஒயரைப் போட்டுவிட்டு ஏறி வந்தான். பையைப் பிரித்து, துணி வளையத்தில் தபேலாவை உட்கார வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தான். தலையை நிமிர்த்தாமலே என் பக்கம் சாய்ந்தான்.

"மச்சான், அத்த எங்க வெச்சிருந்த?"

"ஸ்பீக்கர் யூனிட் மேல."

"வெக்காதீங்கன்னு அவரு அவ்ளோ சொன்னாரே."

"சொன்னாரு."

இரண்டு தட்டு தட்டினான்.

"பெரிய யூனிட்டா, சின்னதா?"

"பெரிசு."

"அப்ப சுத்தமா அழிஞ்சி பூட்டிருக்கும்" என்று சுத்தியலைக் கீழே வைத்தான். மூன்றாவது வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். "சுருதி குடு."