விரலை மட்டும் தின்னும் பைக்குகள்

போலந்துக்கு வந்த புதிதில் ஒருநாள், தகடு வெட்டும்போது என் கட்டைவிரல் கிழிந்தது. பெரிய காயமில்லை. ஊராக இருந்தால் வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த தகட்டை எடுத்திருப்பேன். இங்கேயும் அதைத்தான் செய்யப் போனேன். அதற்குள் எங்கள் ஷிப்டைப் பார்த்துக்கொள்ளும் பானி எவா ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். பானி என்றால் இங்கே அம்மணி. மெஷின் வரிசை மொத்தமும் நின்றது. என் ரத்தத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. எப்படி ஆச்சு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் யோசிக்கவேயில்லை. "பைக்கிலிருந்து விழுந்துட்டேன் மேடம்" என்றேன், என் அரைகுறை ஆங்கிலத்தில்.

தகட்டின் மேல் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "ரோவெர்?" என்றார். சைக்கிள் என்று அர்த்தம். எவனோ தொழிற்சாலைக்குள் சைக்கிள் ஓட்டி என் மேல் ஏற்றிவிட்டான் என்று புரிந்துகொண்டு, அந்த ஆளைக் கோபமாகத் தேட ஆரம்பித்தார். தலை நரைத்த வயதில் பிழைக்க வந்த நாட்டில், இல்லாத சைக்கிளுக்காக ஓர் அப்பாவியை மாட்டிவிடப் பார்த்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மெஷினில் யாருக்கும் அடிபடாது. பைக்கில்தான் அடிபடும். விரல் போனால் பைக். உள்ளங்கை வெந்தால் பைக் சைலன்சர். முதுகில் இரும்புக் கம்பி விழுந்தாலும் பைக்தான், பின்னால் உட்கார்ந்து போனானாம். ஆளை விட்டுவிட்டு விரலை மட்டும் தின்னும் பைக்குகள் ஆரம்பாக்கத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவில்தான் ஓடுகின்றன. அடிபட்டவனைக் கம்பெனி வேனில் ஏற்றியதும் சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வளைவில் விழுந்தாய், எதிரே நாய் வந்ததா மாடு வந்ததா என்று குழந்தைக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுப்பார். எனக்கு ஒருமுறை மாடு வந்தது. அந்தப் பாட்டு எனக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பது கண்டம் தாண்டி வந்த பிறகுதான் தெரிந்தது.

சில மாதம் கழித்து, டீ குடிக்க உட்கார்ந்தபோது தங்கச்சி கலா வீடியோ காலில் வந்தாள். பின்னால் அரசு ஆஸ்பத்திரி வராந்தா. பெஞ்சில் அவள் புருஷன் டில்லி. இடது கை முழுக்கக் கட்டு.

"ண்ணா, இவருக்கு ரெண்டு வெரலு பூட்ச்சுண்ணா. பிரஸ் மெஷின்ல மாட்டிக்கினாரு. பெரிய டாக்டரு வந்து எப்டி ஆச்சின்னு கேப்பாராம். அதுக்குள்ள இந்தாளு, பைக்ல உயுந்தன்னு சொல்லு, பைக்ல உயுந்தன்னு சொல்லுன்னு ஒரே பேஜாரு பண்ணிக்கினு கீறான்."

பிரஸ் என்பது மேலிருந்து இறங்கித் தகட்டை அழுத்தும் மெஷின்; இந்தாளு என்பது சூப்பர்வைசர். டில்லியின் வாயருகே மாதுளை ஜூஸை ஸ்ட்ராவோடு பிடித்துக்கொண்டு நின்றார். கேமராவைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஃபாரின்லயா கீறீங்கோ சார்? நல்லா இருங்கோ. நீங்களே சொல்லுங்கோ. பைக்குன்னா கம்பெனி பாத்துக்கும். மெஷின்னு சொன்னா கேஸு, திருவள்ளூர் கோர்ட்டுன்னு அலையணும். அப்பால கம்பெனி கேட்டாண்டகூட வர முடியாது."

"உடு மச்சான்" என்றான் டில்லி. "நான்தான் அசந்துட்டேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு இன்னா சட்டம் கீது?"

இருக்கிறது. அன்று அவசரத்தில் அவனிடம் உளறியதை, அவனைப் போன்ற எல்லோருக்குமாக இங்கே நிதானமாக எழுதுகிறேன். கான்ட்ராக்டில் வந்தவனும் தொழிலாளிதான்; வேலை வாங்கிய கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உன் பேரைப் பதியவில்லை என்றால் அது அவர்கள் குற்றம், உன்னுடையதல்ல. அசந்துபோனதால் மட்டும் நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடாது. குடித்துவிட்டு மெஷினில் நின்றாலோ, பாதுகாப்புச் சாதனத்தை நீயே வேண்டுமென்று கழற்றினாலோ அது வேறு கதை. ஆஸ்பத்திரிச் செலவைத் தயவாகக் கட்டுவது நஷ்டஈடு ஆகாது. டாக்டரிடம் முதலில் சொல்வதுதான் பின்னால் உனக்காகப் பேசும். ஏற்கெனவே பைக் என்று சொல்லித் தொலைத்தவர்களும் கேட்கலாம், ஆனால் நிரூபிப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும். வக்கீலுக்குக் காசில்லையே என்று பயப்படாதே. ஆலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு, திருவள்ளூர் கோர்ட்டு வளாகத்திலேயே சட்ட உதவி மையம் இருக்கிறது.

"மாப்ள, ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்குனாத்தானே பிரஸ்ஸு எறங்கும்? உன் கை எப்டி உள்ள போச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு பட்டன கம்பி வச்சி கட்டிக்கீறாங்கோ மச்சான். அப்பதான் பீஸு வேகமா உயும்."

"யார் கட்னது?"

டில்லி நிமிர்ந்து சூப்பர்வைசரைப் பார்த்தான். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு, டில்லிக்கு வாங்கிய ஜூஸைத் தானே உறிஞ்ச ஆரம்பித்தார். கடைசியில் ஸ்ட்ரா எழுப்பும் அந்தச் சத்தம் கும்மிடிப்பூண்டியிலிருந்து போலந்து வரைக்கும் கேட்டது.

டாக்டர் வந்தார். கலா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். டாக்டர் தலையைத் தூக்காமல், பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "பைக்கா?"

கேள்வியே இல்லை. பதிலைத்தான் கேட்டார். எத்தனை பேர் அந்தப் பாட்டைப் பாடியிருந்தால் ஒரு டாக்டருக்கு அது மனப்பாடம் ஆகியிருக்கும்!

"ஆமா சா..." என்று டில்லி இழுத்தான்.

"அவருக்கு பைக்கே கெடையாது சார்" என்றாள் கலா. "ஆரம்பாக்கத்துலேர்ந்து ட்ரெயின்ல வேலைக்கு போறவரு."

"பிரண்டு பைக்குமா" என்றார் சூப்பர்வைசர்.

"எந்த பிரண்டு? பேர் சொல்லு நைனா. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லியா? பைக்கு எங்க கீது, இட்டுக்கினு போய் காட்டு. நானும் பாக்கறேன், எங்க ஊட்டுக்காரு வெரலு அதுல ஒட்டிக்கினு கீதான்னு."

டாக்டர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "நீ சொல்லுப்பா" என்றார் டில்லியிடம். டில்லி போனைப் பார்த்தான், அதாவது என்னை. உண்மையைச் சொன்னால் போகப்போவது அவன் வேலை. எனக்கு இங்கே டீ ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"மெஷின் சார்" என்றான். "பிரஸ் மெஷின்."

கம்பெனி வேன் அவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார்கள். சூப்பர்வைசர் சொன்னபடியே டில்லியை இப்போது கேட்டுக்குள் விடுவதில்லை. இலவச வக்கீல் கிடைத்தார், கேஸ் நடக்கிறது. அதே ஷிப்டில் பக்கத்து மெஷினில் நின்றவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "நாங்க பாக்கல" என்கிறார்கள். அதில் ஒருவனுக்கு வலது கையில் மூன்று விரல்தான். பைக்காம்.

இந்த நாட்டைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. இங்கேயும் ஏஜென்சிக்காரன் உண்டு. மூச்சு முட்டும் அறையில் எங்களை அடுக்கி வைத்து வாடகை பிடிக்கிறான். ஆனால் பட்டனைக் கம்பியால் கட்டுவதில்லை. அந்த வீடியோ கால் வந்த அன்று டீ இடைவேளை முடிந்தும் நான் எழுந்திருக்காததைப் பார்த்து பானி எவா வந்தார். போனில் மொழிபெயர்த்துப் போட்டு நடந்ததைச் சொன்னேன். ஏன் கட்டினார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மொழிபெயர்ப்பு தப்பாக வந்துவிட்டதோ என்று என் போனை வாங்கித் தட்டிப் பார்த்தார். பிறகு அவருக்குச் சட்டென்று ஏதோ புரிந்தது. "அப்படியென்றால் அன்று நீ சொன்ன பைக்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது நானும் பிரஸ்ஸில்தான் நிற்கிறேன். ரெண்டு பட்டன், ரெண்டு கை. வலது கை தானாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. இடது கையை வைக்கும்போது மட்டும், அதில் எத்தனை விரல் இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொள்கிறேன். நான் பார்த்து முடிக்கும் வரை மெஷின் மேலேயே நிற்கிறது. கும்மிடிப்பூண்டியில் அது காத்திருப்பதில்லை.