அது நம்ம கரண்டி இல்லம்மா

என் தங்கைக்கு அம்மா பார்த்துப் பார்த்து ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. ஒன்றரை வயதில் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை என்பதால் அப்பா அவளை ரேடியோ என்று கூப்பிட்டார். வீட்டில் ரேடியோ, தெருவில் ரேடியோ. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூட வருகைப் பதிவில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "எங்க நம்ம ரேடியோ?" என்றுதான் தேடுவார்.

சரியான ஓட்டை வாய். வீட்டில் நடப்பது எதுவும் அவள் வாயில் தங்காது. ஒருநாள் பெரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அம்மா வாயெல்லாம் பல்லாக வரவேற்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ரேடியோ நடுவில் புகுந்து, "பெரியம்மா, இந்த வாரம் நீங்க வரமாட்டீங்கன்னு அம்மா எவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க தெரியுமா!" என்றாள். பெரியம்மா அதற்குப் பிறகு ஆறு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பா சமையலறைக்குள் போய் ஒரு பாடு சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவளைத் திட்டினார்.

இதை நான் எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது. இங்கே டாக்டரின் அறையில் அவளுக்கு ஒரு கோப்பு இருக்கிறது. அதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை 'நோயாளி பேசுவதில்லை' என்றுதான் போட்டிருக்கிறது. படிப்பவர்கள் அவள் பிறவியிலேயே இப்படி என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

சண்டை எங்கள் தெருவுக்கு வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. ஒரு கட்டிடத்தின் நிலவறையில் பத்தொன்பது பேர் இருந்தோம். இரண்டாம் நாள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார். அவர் திரும்புவதற்குள் எங்கள் தலைக்கு மேலே பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல், ஒரே ஒரு தடவை, "ரேடியோ!" என்றது. அந்த நேரத்தில் அவர் ஏன் அவளைக் கூப்பிட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான் என் கையால் பொத்தினேன். அவள் கடித்தாள். நான் கையை எடுக்கவில்லை. சத்தம் அடங்கி நாங்கள் மேலே ஏறியபோது அப்பா படிக்கட்டுப் பக்கத்தில் கிடந்தார். அவருக்காக ரேடியோ அழவில்லை. அன்றிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் பதில் சொல்லியிருந்தால் பத்தொன்பது பேரும் போயிருப்போம். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். சரியாகச் செய்தேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அந்தக் கையில் இன்னும் அவளுடைய பல் தடம் இருக்கிறது.

நாட்டை விட்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது எங்களுக்கு நாலாவது மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். மூன்று கட்டில், ஒரு அலமாரி, ஒரு சாண் அளவுக்கு மேல் திறக்காத ஜன்னல். சமையலறை நடைபாதைக் கோடியில், ஒன்பது குடும்பத்துக்கும் பொது. எனக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. வெளுத்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுத்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். மணிக்கு முந்நூறு விரிப்பு. முதல் வாரம் விரல் சுட்டுச் சுட்டு அழுதேன். "யோசிக்காதே. யோசிச்சாத்தான் சுடும். கை தானா செய்யற வரைக்கும் செஞ்சுகிட்டே இரு" என்று மேற்பார்வையாளர் சைகையில் காட்டினார். இரண்டு மாதத்தில் கை தானாகவே செய்தது. வீட்டுக்கு வந்து தலையணை உறையை எடுத்தால்கூட மூலையைத் தேடும்.

ரேடியோ கட்டிலில் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருப்பாள். ஊட்டினால் சாப்பிடுவாள். டாக்டரம்மா நல்லவர். சில மாதத்துக்கு ஒருமுறை அவளைப் பார்த்தார். அவர் பேசுவதை ஃபோனில் ஒருவர் எங்கள் மொழியில் சொல்வார். அந்த ஃபோன்காரர் எங்கே உட்கார்ந்து பேசுகிறாரோ, பின்னால் எப்போதும் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்கும். அடைக்கலம் கேட்ட எங்கள் மனுவை அலுவலகம் தள்ளுபடி செய்தபோது டாக்டரம்மா எழுதிய அறிக்கைதான் எங்களைக் காப்பாற்றியது. 'இந்தச் சிறுமி பயணம் செய்யும் நிலையில் இல்லை' என்று எழுதினார். மருத்துவக் காரணத்துக்காக மூன்று பேரும் ஆறு மாதம் தங்கலாம், பிறகு மறுபரிசோதனை என்று கடிதம் வந்தது.

அவள் பேச்சு திரும்பி வந்தது ஒரு கரண்டியால்.

சமையலறையில் அம்மாவுக்கும் எதிர் அறைக்காரிக்கும் ஒரு கரண்டியை வைத்துப் பெரிய ரகளை. இரண்டு பேருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அதனால் திட்டுவதற்கு வசதியாக இருந்தது. அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அறைக்கு வந்து, வாசலில் நின்ற எதிர் அறைக்காரியிடம் அது எங்கள் ஊரிலிருந்து தூக்கிவந்த கரண்டி என்று சத்தியம் செய்துகொண்டிருந்தாள். அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது நம்ம கரண்டி இல்லம்மா. நம்மதுல காம்பு நெளிஞ்சிருக்கும்."

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அம்மாவைப் பொய்க்காரி ஆக்கியது. ரேடியோ ரேடியோதான். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதிர் அறைக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்டியைக்கூட எடுக்காமல் அவளும் சேர்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் அறையில் காது கொடுக்க முடியவில்லை. கட்டிடக் காவலாளி நொண்டி நடப்பதை நடித்துக் காட்டினாள். நான் தூக்கத்தில் விரிப்பு மடிப்பதாகச் சொல்லிக் கேலி செய்தாள். பள்ளிக்குப் போனாள். இரண்டாம் வாரம் புது மொழியில் அரைப் பக்கம் சத்தமாக வாசித்தாளாம். "எல்லாரும் கை தட்டினாங்கக்கா. தப்பா வாசிச்சேன், அதுக்கே தட்டினாங்க" என்றாள். நான் வேலையில் எதிர்ப்பக்கம் நிற்பவளிடம் அதைச் சைகையால் சொன்னேன். அன்று முழுவதும் அவள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் வாழ்க்கையில் நல்லது நடந்தது அந்த மூன்று வாரம்தான்.

பிறகு மறுபரிசோதனைக் கடிதம் வந்தது. பன்னிரண்டு நாள் அவகாசம் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு இலவச சட்ட உதவிக்கு வரும் வக்கீலம்மாவிடம் ஓடினேன். ஃபோன்காரரே அங்கேயும் குழாய்ச் சத்தத்தோடு பேசினார். "உங்க அனுமதி முழுக்க தங்கச்சியோட உடம்பை வச்சுத்தான். குணமாயிட்டான்னு டாக்டர் எழுதினா, தங்கறதுக்கு வேற காரணம் இல்ல. மூணு பேரையும் திருப்பி அனுப்புவாங்க." வக்கீலம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடினார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். நான் டாக்டரம்மாவாக நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளை எதிரே உட்கார வைத்தேன்.

"எப்படி இருக்கே? சாப்பிடறியா?"

அவள் மேஜையைப் பார்க்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பொத்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, நீ அவங்க மாதிரியே தலையைச் சாய்க்கிறே!"

"சிரிச்சியா? முதல்ல இருந்து."

முதல் இரண்டு நாள் அது விளையாட்டாக இருந்தது. மூன்றாம் நாள் அவள் கேட்டாள். "எனக்குச் சரியாயிட்டா நம்மள அனுப்பிடுவாங்களா?"

"ஆமா."

"அப்ப நான் சரியாகக் கூடாதா?"

"இப்போதைக்கு வேண்டாம்."

"எப்ப வரைக்கும்?"

நான் முதலில் இருந்து ஆரம்பித்தேன்.

அம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பேசற பிள்ளையைப் பேசாதேங்கிறியே, உனக்கு எப்படிடி மனசு வருது?"

"அப்ப நீங்களே கூட்டிட்டுப் போய் டாக்டர் முன்னாடி பாட்டுப் பாட வைங்க. நேரா விமானத்துல ஏத்திடுவாங்க. அப்பா கிடந்த இடத்துலயே நாமளும் போய்க் கிடக்கலாம்" என்றேன்.

பள்ளியிலிருந்து செய்தி கசியும் என்று பள்ளியை நிறுத்தினேன். காவலாளி பார்த்துச் சொல்லிவிடுவான் என்று நடைபாதையில் பேசக்கூடாது என்றேன். சுவர் மெல்லியது என்று அறைக்குள்ளும் பேசக்கூடாது என்றேன். யோசித்து நடித்தால் பிடித்துவிடுவார்கள், தானாக வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆலையில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். காலை ஒரு மணி நேரம், வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் பழக்கினேன். குறுக்கே கதவு தட்டினால்கூடத் திரும்பக்கூடாது. பெயரைச் சொன்னால் கண் அசையக்கூடாது. எட்டாம் நாள் நான் பின்னால் போய் நின்று, "ரேடியோ!" என்று திடீரென்று கத்தினேன். அவள் தோள்கூட அசையவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். கடவுளே, நான் சந்தோஷப்பட்டேன்.

பரிசோதனை நாளில் டாக்டரம்மா நாற்காலியை விட்டு இறங்கி, அவள் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து பேசினார். ரேடியோ மேஜைக் காலில் இருந்த ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து நல்ல சேதி வந்ததே, வாசிச்சாளாமேன்னு டாக்டர் கேக்கறாங்க" என்றார் ஃபோன்காரர்.

"அது ஒரே ஒரு தடவை. அப்புறம் பழையபடி ஆயிட்டா. தானா சாப்பிடறதில்ல. யாரையும் பார்க்கறதில்ல. கூப்பிட்டாத் திரும்பறதில்ல" என்றேன்.

காலையில் அவள் இரண்டு தட்டு காலி செய்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு எங்கே சிரித்துவிடுவாளோ என்று பயந்து பார்த்தேன். இமைகூட அசையவில்லை. எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முறை ஆறு மாதம் போதாது, ஒரு வருஷத்துக்கு எழுதுகிறேன் என்றார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் யாரும் இல்லாத ஓரமாக அவளை உட்கார வைத்தேன்.

"முடிஞ்சுதுடி! ஒரு வருஷம்! இனிமே நீ எவ்வளவு வேணா பேசு."

அவள் எதிரே இருந்த கம்பத்தைப் பார்த்தாள்.

"போதும்டி நடிப்பு. டாக்டரம்மா இங்க இல்ல."

பேருந்து வந்தது. கையைப் பிடித்து ஏற்றினேன், ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் கெஞ்சினேன். கிச்சுக்கிச்சு மூட்டினேன். ராத்திரி அம்மா தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவள் கை எழவில்லை. அம்மா பிசைந்து ஊட்டினாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

நாலு மாதம் ஆகிறது. போன வாரம் டாக்டரம்மா மறுபடி பார்த்தார். "எப்படி இருக்கான்னு கேக்கறாங்க" என்றார் ஃபோன்காரர். "தானா சாப்பிடறதில்ல. யாரையும் பார்க்கறதில்ல. கூப்பிட்டாத் திரும்பறதில்ல" என்றேன். போன தடவை பொய்யாகச் சொன்ன அதே வார்த்தைகள். டாக்டரம்மா அதே இடத்தில் அதையே எழுதிக்கொண்டார். நான் அவளுக்குச் செய்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொன்னால் மூன்று பேரையும் அனுப்பிவிடுவார்கள். சொல்லவில்லை. குழாய் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை நான்தான் அவள் வாயை அடைத்தேன். முதல் தடவைக்கு எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். இரண்டாவது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அம்மா இப்போது கரண்டி திருடுகிறாள். சமையலறைக்குப் போகும்போதெல்லாம் யாருடையதையாவது எடுத்துக்கொண்டு வருகிறாள். முதலில் இரண்டு மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள். எதிர் அறைக்காரி அவர்களிடம் என்ன சொன்னாளோ, இப்போது யாரும் வருவதில்லை. அவர்களே எங்கள் வாசலில் கரண்டியை வைத்துவிட்டுப் போகிறார்கள். மரக் கரண்டி, பித்தளைக் கரண்டி, ஓட்டைக் கரண்டி என்று பதினொன்று சேர்ந்துவிட்டது. அனுமதிக் கடிதம் இருக்கும் அதே அலமாரியில் அவையும் இருக்கின்றன.

தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா கட்டிலில் அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டுகிறாள்.

"இது நம்மதுதானேடி? சொல்லு. நம்மதுதானே?"

இதுவரை எதையும் அவள் இல்லை என்று சொல்லவில்லை.