ரோஸ் நிறப் பருப்புக் கூடை

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா இருந்தார், அக்கா இருந்தாள், ஆறாவது படிக்கும் அக்கா மகள் இருந்தாள், நான் இருந்தேன். அப்பா இல்லை. அவர் உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய்க் களத்தில் காவலுக்கு இருக்கிறார். தேங்காய்க்கு ஞாயிறு, திங்கள் தெரியாது என்பதால் காவல்காரருக்கும் தெரியாது.

அக்கா மகள் ஒரு கிண்ணத்தில் வெந்தயத்தை ஊறப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மாமா, பழைய பேப்பர் குடுங்க. எங்க ஸ்கூல்ல பிளாஸ்டிக் இல்லாத சமையக்கட்டுன்னு கண்காட்சி வெக்கறாங்க. நா பேப்பர் கூழ்ல கிண்ணம் செய்யப் போறேன்."

நான் எழுந்திருப்பதற்குள் அம்மா சொன்னார்: "அவனக் கேக்காத அம்மணி. நானே பாத்து எடுத்துத் தாரேன்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காது. ஊறிய வெந்தயத்தின் அந்தக் கசப்பு வாசம் வந்ததும் எனக்கு மட்டும் பத்தொன்பது வயது ஆகிவிட்டது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் வீடு சிங்காநல்லூரில் ஒரு லைன் வீடு. ஒரே வரிசையில் எட்டு வீடுகள், எட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். அப்பாவுக்குப் பக்கத்து நூல் மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்திலும் காது முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அக்காவை எட்டாவதோடு நிறுத்தினார்கள். இரண்டு பேரையும் படிக்கவைக்கக் கட்டுபடியாகாது என்றார்கள். அவள் அதற்காக அழுததாக நினைவில்லை. அழுதிருந்தாலும் நான் அப்போது பெருக்கல் வாய்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்திருப்பேன்.

நான் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சேர்ந்ததும் வீட்டில் என் சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிட்டது. மாத்திரை அட்டையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் என்னிடம் வரும். நானும் கண்ணைச் சுருக்கி, கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். டக்கென்று சொன்னால் படித்ததற்கு என்ன மரியாதை? இரண்டாம் வருடம் ஒரு முகாமுக்குப் போனேன். அங்கே ஒருவர், பிளாஸ்டிக் மண்ணில் மக்காது, உணவில் இறங்கும், உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து தொடங்குங்கள் என்று உருக்கமாகப் பேசினார். கைதூக்கி உறுதிமொழி எடுத்தோம். மற்றவர்கள் கையை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, அம்மாவின் சமையல்கட்டில் உள்ள பிளாஸ்டிக் சாமான்களைப் பட்டியல் போட்டேன்.

ஒவ்வொரு சாமானும் எப்படி வந்தது என்று அம்மாவுக்கு மனப்பாடம். சிவப்புக் குடம், அப்பாவின் இரண்டு பழைய பேண்டுக்கு மாற்றாகத் தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் வாங்கியது. பருப்பு டப்பாக்கள் நான்கும் அக்காவின் பாவாடை தாவணிகளுக்கு. அந்தக் குடம் வருவதற்கு முன் அம்மா பித்தளைக் குடத்தில் தண்ணீர் சுமந்தார். இடுப்பில் கருத்துப்போன ஒரு தழும்பு இருக்கும். அதைப் பட்டியலில் நான் எழுதவில்லை.

"இதெல்லாம் விஷமுங்மா" என்றேன்.

"அப்படியா கண்ணு? இத்தனை நாளா அதுல தானே சோறு திங்கறோம்?"

"மெதுவாத்தாங்மா கொல்லும்."

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "டப்பாவத் தூக்கிப் போடச் சொல்ற தொரை என்னைக்காச்சும் ஒரு டப்பாவக் கழுவியிருக்கறாரா, கேளுங்மா" என்றாள்.

கழுவியதில்லை. ஆனாலும் ஜெயித்தது நான்தான். பழைய சென்னிமலைப் போர்வையைக் கிழித்து அக்கா கையாலேயே நான்கு பை தைத்தாள். தேங்காய் நாரைச் சுருட்டிப் பாத்திரம் தேய்த்தார்கள். எண்ணெய் வாங்கத் தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். "ஏனுங் தம்பி, பால் கறக்கறதுக்கா கெளம்பிட்டீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். கடையே சிரித்தது. கொள்கைக்காக அவமானப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்த வயதில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

டப்பாக்களுக்கு மாற்றுத்தான் தகராறு. எவர்சில்வர் வாங்க வழியில்லை. அப்போதுதான் அக்கா காகிதக் கூழ்க் கூடையை நினைவுபடுத்தினாள். காகிதத்தைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, பிழிந்து, ஊறிய வெந்தயம் சேர்த்து ஆட்டாங்கல்லில் ஆட்ட வேண்டும். குடத்தைக் கவிழ்த்து ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் விரல் தடிமனுக்கு அப்பிக் காயவிட வேண்டும். வெயில் ஏறினால் தானாகக் கழன்றுகொள்ளும். உதிராது, பூச்சியும் சீக்கிரம் அண்டாது. அக்காவின் கை அதற்கென்றே செய்ததுபோல இருந்தது. அவள் அப்பும்போது ஓரம் ஒரு நூல்கூட ஏறாது, இறங்காது. நான் அப்பிய ஒன்று காய்ந்ததும் ஒரு பக்கம் வாயைக் கோணிக்கொண்டது. "பரவால்ல, உன்றதுல புளி போட்டுக்கலாம். அதுக்கும் மூஞ்சி அப்படித்தான் ஆவும்" என்றாள்.

மூன்று கூடை ஆனதும் காகிதம் தீர்ந்துபோனது. எங்கள் வீட்டில் யாரும் பேப்பர் வாங்குவதில்லை. லைன் வீடுகளில் கேட்டு வாங்கியதெல்லாம் ஆட்டாங்கல்லுக்குள் போய்விட்டது. துவரம்பருப்புக்கு இன்னும் ஒன்று வேண்டும்.

"அட்டாலில இவன் நோட்டு ஒரு மூட்டை கெடக்குதுங்மா" என்று அக்கா சொன்னாள். அட்டாலி என்றால் சமையல்கட்டுக்கு மேலே சாமான் போட்டுவைக்கும் பலகை.

அம்மா பதறிப்போனார். "ஏம்புள்ள, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? படிச்ச நோட்டு, சரசுவதியாக்கும். அதையப் போய் ஆட்டுவாங்களா?"

காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது. மூன்றாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரை நோட்டுவரை ஆயுத பூஜைக்கு இறக்கிப் பொட்டு வைத்து மறுபடி ஏற்றுவார்கள். எனக்கு அதில் கூச்சமும் உண்டு, பெருமையும் உண்டு. பரவாயில்லை, ஆட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு அவரே அட்டாலியில் ஏறி, கனமான ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினார். ஏதோ ஜவுளிக்கடைப் பை. வாயை நூல்கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. உள்ளே முழுக்க ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னச் சீட்டுகள், வயலட் மையில் ரப்பர் முத்திரையோடு.

"இதையப் பாத்துச் சொல்லு கண்ணு. இங்கிலீசுல இருக்குது. வேணுமா, வேண்டாமா?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தேன். அப்பா பெயர், தேதி, கார்டிங், வேலை பார்த்த நாள், கூலி. ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்தில் 'பத்லி' என்று இருந்தது, நம் பதிலிதான். மில்லில் நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால், அன்றைக்கு மட்டும் அந்த மெஷினில் நிற்கிறவர் பதிலி. விடிவதற்கு முன்னே, வெள்ளெனவே கேட்டில் போய்க் காத்திருக்க வேண்டும். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. அப்படி நின்று நின்றுதான் அப்பா பெர்மனென்ட் ஆனார். வாரத்துக்கு ஒரு சீட்டு. எல்லாவற்றையும் வைத்திருந்தார்.

"இது பதிலியா இருந்தப்போ குடுத்ததுங்ப்பா. நீங்கதான் பெர்மனென்ட் ஆயிட்டீங்களே. அந்தக் கார்டு இருந்தாப் போதும்."

"இது வேண்டாமா?"

"வேண்டாங்ப்பா."

அப்பா ஒரு சீட்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அக்காவிடம் கொடுத்தார். நான் அந்த ஜவுளிக்கடைப் பையையும் விடவில்லை. அதைத் தனியாக எடுத்து மடித்து, ஒழிந்தது இன்னொரு பிளாஸ்டிக் என்று நோட்டில் எழுதி அடித்தேன்.

அந்தக் கூடை ரொம்ப அழகாக வந்தது. சாயம் எதுவும் போடாமலேயே இளம் ரோஸ் நிறம். அங்கங்கே வயலட்டில் பூப்போலப் புள்ளிகள். லைன் வீட்டுப் பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "இந்தக் கலரு எந்தக் கடைல வாங்குனீங்க?" என்று கேட்டவர்களுக்கு அக்கா, "மில்லுல வாங்குனதுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும்தான்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் மில் கேட்டில், மில்லை மூடிவிட்டதாகக் காகிதம் ஒட்டியிருந்தது. அப்பா முதல் ஷிப்டுக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்து, சோத்துப்போசியைத் திறக்காமலேயே அம்மாவிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை என்றும், அடுத்த மாதம் என்றும் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் வேலை பார்த்த வருடக் கணக்குக்குத் தகுந்தாற்போலப் பணம் கொடுத்துக் கணக்கை முடிப்பது என்று ஒப்பந்தம் ஆனது. அப்பா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தொழிற்சங்க ஆபீசுக்குப் போனார். படிவம் நிரப்பப் படித்த ஆள் வேண்டும் அல்லவா.

சங்கத்துக் கணக்குப்பிள்ளை ரொம்ப மரியாதையான மனிதர். "பதிலி பாத்த வருசத்தையும் சேத்துக்கலாமுன்னு பேசி முடிச்சிருக்கறமுங்க. அதுதான் நமக்குப் பெரிய ஜெயமுங்க. ஆனாச் சீட்டு இருந்தாத்தான் ஆகுமுங்க. அந்தக் காலத்து ரிஜிஸ்டரு இல்லீன்னு கம்பெனில கையை விரிச்சுப்போட்டாங்க."

எங்களுக்கு முன்னால் மாரப்பண்ணன் நின்றுகொண்டிருந்தார். அப்பாவும் அவரும் ஒரே வாரத்தில் பதிலியாகச் சேர்ந்து, ஒரே நாளில் பெர்மனென்ட் ஆனவர்கள். அவருக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. அவர் வீட்டிலும் படித்த ஆள் கிடையாது. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். ரோஸ் சீட்டுகள் கொட்டின. ஓரம்கூட மடங்கவில்லை, ஒரு சொட்டு ஈரம் படவில்லை.

"எது வேணும், எது வேண்டாம்னு நமக்கென்னங்க தெரியுது. அதுனால எல்லாத்தயும் கட்டி வெச்சுப்போட்டேன்" என்று சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "உங்குளுது எங்கீங்க?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "எங்கியோ தவறிப்போச்சுங்க" என்றார். மாரப்பண்ணன், "இவரும் நானும் ஒண்ணாச் சேந்தமுங்க, நா சாச்சி சொல்றனுங்க" என்று எவ்வளவோ மன்றாடினார். கணக்குப்பிள்ளை வருத்தத்தோடு தலையாட்டினார். சாட்சியை எந்த ஃபைலில் வைப்பது?

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ரோஸ் கூடையில் இருந்த துவரம்பருப்பைத் தரையில் கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி இரவல் வாங்கி, அதில் தண்ணீர் பிடித்துக் கூடையை ஊறவைத்தேன். எங்காவது ஒரு சீட்டு முழுதாகக் கிடைக்காதா, ஒரு தேதியாவது தெரியாதா என்று. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவன். கூழான சீட்டு மறுபடி சீட்டாகாது என்பது எனக்குப் பாடமாகவே இருந்தது. தண்ணீர் ரோஸாகிவிட்டது. வெந்தய வாசம் மட்டும் புதுசுபோலக் கிளம்பியது. கையில் ஒரு இடத்தில் வயலட் புள்ளி ஒட்டியது. அது எழுத்தா முத்திரையா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்து பக்கத்தில் குந்தினாள். கேலி பேசுவாள் என்று காத்திருந்தேன். கீழே கிடந்த பருப்பை முறத்தில் அள்ளிக் கல் பொறுக்கினாள். "நாந்தான் ஆட்டுனேன்" என்றாள். அவ்வளவுதான்.

மறுவாரம் பாத்திரக்காரர் வந்தபோது, அப்பாவின் மில் சட்டைகளைக் கொடுத்து அம்மா மூடி போட்ட ஒரு பச்சை டப்பா வாங்கினார். விஷம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாத்திரை அட்டையும் என்னிடம் வரவில்லை, மருந்துக்கடைக்காரரிடமே கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் சொல்வதை நம்பும் அந்தப் பழக்கம் சத்தமில்லாமல் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

சங்கத்துப் படிவத்தை மட்டும் நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று கணக்குப்பிள்ளை பாராட்டினார். வேலை பார்த்த வருடங்கள் என்ற கட்டத்தில் எழுதி முடித்ததும் அப்பா கேட்டார்.

"எவ்வளவு போட்டிருக்கற கண்ணு?"

"பதினாலுங்ப்பா."

"இருவத்திமூணு" என்றார். எனக்குச் சொன்னதுபோலத் தெரியவில்லை. கேட்டில் காத்து நின்ற விடியல்களுக்கு ஒரு தடவை கேட்கட்டும் என்று சொன்னதுபோல இருந்தது. பிறகு பேனாவை வாங்கி, நான் எட்டாவது படிக்கும்போது சொல்லிக் கொடுத்த கையெழுத்தைப் போட்டார்.

மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். சங்குச் சத்தம் இல்லை. பஞ்சு ஒட்டிய புருவங்களோடு சைக்கிளில் வரும் கூட்டம் இல்லை. லைன் வீடுகளும் இல்லை, அந்தக் குழாயும் இல்லை. மாரப்பண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா அதற்குப் பிறகு ஒரு கூடையும் செய்யவில்லை.

ஒரு பருப்புக் கூடை, உயரம் ஒரு முழம், வாய் இரண்டு சாண். அதற்கு ஆன செலவு, என் அப்பாவின் ஒன்பது வருடம்.