அம்மன் என் வாயைக் கட்டினாள், என் மகள் பேசினாள்

என் மகள் மரகதம் நாலு வயதில் பேச்சை நிறுத்திவிட்டாள். நிறுத்த வைத்தவன் நான். மாரியம்மனை நம்பியிருக்கும் உங்கள் எல்லோரிடமும் அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்துக் கங்காணி. பெண்களை மலையில் நிரை பிடிக்க வைத்து, அவர்கள் விட்டுப்போன கொழுந்தைக் காட்டிக் காட்டிச் சத்தம் போடுவது என் வேலை. நான் ஒரு மலையில் கத்தினால் அடுத்த மலையிலும் வேலை வேகமாக நடக்கும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அறுபத்தொன்றாம் வருஷம் தீபாவளி கழிந்து மரகதத்துக்குத் திக்க ஆரம்பித்தது. தண்ணீர் கேட்க வந்தால் "த... த... த..." என்று நின்றுவிடுவாள். முதலில் சிரித்தோம். பிறகு பயந்தோம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயமே கூடி வைத்தியம் பார்த்தது. ஒருத்தி வசம்பை இழைத்து நாக்கில் தடவினாள். இன்னொருத்தி கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள். என் வைத்தியம்தான் எல்லாவற்றிலும் மோசம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிறோம் அல்லவா, அதை வீட்டிலேயே வைத்தேன். சாயங்காலம் வந்ததும் பிள்ளையை நிறுத்தி, "மரகதம்!" என்று கூப்பிடுவேன். அவள் திக்காமல் "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். திக்கினால் மறுபடியும் கூப்பிடுவேன். சில நாள் இருபது தடவை கூட நடந்திருக்கிறது. மற்ற நேரத்தில் அவள் வாயைத் திறந்தால் போதும், மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன்.

சித்திரையில் அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். எது வேண்டுமென்றாலும் கையைக் காட்டுவாள். பிள்ளை மடுவத்திலும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் அம்மா சொன்னார். என் மனைவி சிவகாமி அன்று சோறு பொங்கவில்லை. எனக்கும் பசிக்கவில்லை.

மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். பிள்ளையின் நாக்கு, தொண்டை, காது எல்லாவற்றையும் பார்த்தார். நாக்கில் குறை ஒன்றுமில்லை, இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்குத் திக்கும், பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்றார். நான் நிம்மதியாக எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார்.

"ஆனா ஆறு மாசமாப் போச்சு. பிள்ளை கதைக்கவே பயப்பிடுது. அதுதான் எனக்கு யோசினை. நீங்கள் கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருந்து பாருங்கோ. அப்பிடியும் குறையாட்டி நுவரெலியாப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறன்."

என்னைப் பார்த்து, வாயை மூடு என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கோபம் தலைக்கேறியது. மருந்து கேட்டால் மரியாதையைப் பறிக்கிறார் என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தேன். நேராகக் கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் விழுந்தேன். "தாயே, எம் புள்ளைக்குப் பேச்சக் குடு. நா பறவைக் காவடி எடுக்கிறேன்" என்று அழுதேன். அழுதது உண்மை. காவடியில் தொங்கும்போது நாலு தோட்டத்து ஜனமும் அண்ணாந்து பார்க்கும் என்று நினைத்ததும் உண்மை.

சிவகாமி மட்டும் அசையவில்லை.

"ஏங்க, வேண்டுதல நீங்களே முடிவு பண்ணாதீங்க. பூக் கட்டிப் பாப்போம். காவடின்னா செவப்பு. வாய்க்கட்டுன்னா வெள்ள. ஒரு மண்டலம் வாயக் கட்டிக்கிட்டுப் பேசாம இருக்கணும். தாயி சொல்லட்டும்."

அவளே பங்களாத் தோட்டத்து ரோசாப் பூ இரண்டை இலையில் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்தாள். மரகதம் ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

மற்றப் பொட்டலத்தைச் சிவகாமி பிரிக்காமலே மடியில் போட்டுக்கொண்டாள். மஞ்சள் துணியால் பூசாரி என் வாயைக் கட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவகாமியின் கொண்டையில் ஒரு வெள்ளை ரோசா இருக்கிறது. இரண்டாவது பொட்டலத்தில் என்ன பூ இருந்தது என்று கேட்க வாய் துடித்தது. வாய்தான் கட்டிக் கிடந்ததே.

நாற்பத்தெட்டு நாள். சாப்பிட மட்டும் துணியை இறக்கலாம். மலையில் குச்சியை நீட்டி வேலை வாங்கினேன். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பல்வலி என்று நினைத்துக் கிராம்புத் தைலம் கொடுத்தனுப்பினார். ஒரு வாரத்தில் பெண்கள் நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். அவர்கள் எனக்கு வைத்திருந்த பேர் 'சங்கு' என்று அப்போதுதான் தெரிந்தது. காலையில் எல்லோரையும் எழுப்ப ஊதுகிற தேயிலை ஸ்டோர் சங்கைத்தான் சொல்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பேரோடுதான் நடந்திருக்கிறேன்.

பத்தாம் நாளோ என்னவோ, சாயங்காலம் மரகதம் என் முன்னால் வந்து நின்றாள். துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஆ... ஆ... ஆடு" என்றாள். மீதி வார்த்தை என் வாய் வரை வந்துவிட்டது. ஆடு குட்டி போட்டதா, ஆடு முட்டியதா என்று நானே கேட்டு நானே முடித்திருப்பேன். முடியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று. அவள் நின்றாள், திக்கினாள், மறுபடியும் தொடங்கினாள். மடுவத்து அம்மாவின் வெற்றிலைப் பையை ஆடு முழுசாகத் தின்றுவிட்டு வாயெல்லாம் சிவந்து நின்றதாம். அதுதான் கதை. ஒரு மாதத்துக்குப் பிறகு என் பிள்ளையின் குரலைக் கேட்டேன். துணி நனையும்வரை அழுதேன்.

அடுத்த நாளும் வந்தாள். பிறகு தினமும் வந்தாள். திக்கல் ஒரே நாளில் போய்விடவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பயம் போய்விட்டது. பயம் போன பிறகு திக்கலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. மருந்து கொடுப்பவரிடம் மறுபடியும் காட்டினோம். நுவரெலியாவுக்கு எழுதத் தேவையில்லை என்றார். என் வாய்க்கட்டைப் பார்த்து அந்த மனிதர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

நாற்பத்தெட்டாம் நாள் பூசாரி துணியை அவிழ்த்தார். லயமே வந்து சுற்றி நின்றது. ஒன்றரை மாதப் பேச்சு எனக்குள் முட்டிக்கொண்டிருந்தது. மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் கண்ட குரங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமி வாயைத் திறந்தேன்.

"இ... இருங்கப்பா. நா இன்னும் முடிக்கல."

அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், பயப்படாமல். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் முடிக்கும்வரை நின்றேன். அதற்குள் நான் சொல்ல வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

இப்போது அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நிறையப் பேசுகிறாள் என்று வாத்தியார் குறை சொல்கிறார். அந்தக் குறையைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். தாயே, உனக்குக் கோடி நன்றி. இரண்டாவது பொட்டலத்தைப் பற்றிச் சிவகாமியிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. அம்மன் யார் கையால் பூக் கட்டினால் எனக்கென்ன?

உங்கள் வீட்டில் பிள்ளை திக்கினால் அம்மனிடம் வாருங்கள், கைவிடமாட்டாள். ஆறு மாதம் தாண்டியும் போகவில்லை என்றாலோ, பிள்ளை முகத்தை இழுத்துக்கொண்டு பேசத் திணறினாலோ, பேசவே பயந்தாலோ, ஒரு நாளும் தள்ளாமல் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அம்மன் எனக்குச் சொன்னதைத்தான் அங்கேயும் சொல்வார்கள். மஞ்சள் துணி இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. யாருக்காவது தேவையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துவைத்துத்தான் வைத்திருக்கிறேன்.