ஆத்தா வந்த வீட்டில் ஒரு மாத்திரை

இந்த லீட்ஸ் நகரத்தில் என் மகன் கவினைப் பார்த்து, குண்டாகிவிட்டானே என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. உப்பிய கன்னத்தில் கண் ஒரு நொடி நிற்கும், உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஊருக்குப் போனபோது நைனார்பாளையத்தில் என் ஓரகத்தி செல்வி அக்கா வாசலிலேயே கேட்டுவிட்டார்: "இன்னாடி வாணி, புள்ள இப்டி ஊதிப் பூட்டான்?" எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், ஒருத்தராவது கேட்டாரே என்றும் இருந்தது.

கவினுக்கு ஒன்பது வயது. தசைச் சிதைவு நோய். தினம் காலையில் சாப்பிட்டதும் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைதான் அவன் நடை தளர்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. சும்மா தள்ளிப்போடுமா? முகத்தை வீங்கவைக்கிறது, வளர்த்தியைத் தடுக்கிறது, எலும்பை மெலியவைக்கிறது, அடங்காத பசியையும் காரணமில்லாத கோபத்தையும் கொடுக்கிறது. இத்தனையும் செய்கிற சனியனைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்து மாத்திரையையே நம்பிக் கிடக்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குறைப்பதென்றால் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

போன கோடை விடுமுறையில், அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக மூங்கில்துறைப்பட்டுக்குப் போகும்போது இதையெல்லாம் சொல்லித்தான் கவினை அக்காவிடம் விட்டேன். பஸ் படி ஏற அவனால் முடியாது. அக்கா கெட்டிக்காரி. உப்பு ஜாஸ்தி ஆகக் கூடாது என்றதும் ஊறுகாயையும் அப்பளத்தையும் பரணில் ஏற்றியவர். போனில் கேட்டபோதெல்லாம், நல்லாத்தான் கீறான், நீ அப்பாவப் பாரு என்றே சொன்னார்.

மூன்றாம் நாள் திரும்பினால் வாசலில் வேப்பிலைக் கொத்து. அக்காவின் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. ஆத்தா வந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், மாத்திரையைத் தொட மாட்டார்கள். நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான். உள்ளே ஓடினேன். கவின் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தான். கை சில்லிட்டிருந்தது.

"மாத்திர குடுத்தியாக்கா?"

"ஆத்தா வந்துகீற வூட்ல எப்டிம்மா குடுக்கிறது? தலைக்குத் தண்ணி ஊத்தினதும் குடுக்கலாம்னு சாமி மாடத்துல வெச்சிக்கீறேன்."

வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தபோது அக்கா குறுக்கே வந்து நின்றார். தண்ணீர் ஊற்றாமல் பிள்ளை வெளியே போனால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அழுதார். அவருடைய சொந்த மகள் உள்ளே கொப்புளங்களோடு படுத்திருந்தாள். அந்தப் பயம் எனக்குப் புரியாமலில்லை. அவரைத் தள்ளிவிட்டுத்தான் போனேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மூச்சுவிடாமல் சொன்னேன்: வருடக்கணக்காக ஸ்டீராய்டு, இரண்டு நாளாக நின்றுவிட்டது, வீட்டில் அம்மை. டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றி, ஸ்டீராய்டையே ஊசியாகப் போட்டார். இந்த மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு அம்மை தொற்றினால் கடுமையாகலாம் என்று, அதற்கும் முன்கூட்டியே மருந்து கொடுத்தார். மாலையில் கவின் கண் திறந்து இட்லி கேட்டான். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அக்கா போன் செய்தார்.

"ஆத்தா கிட்ட அவனுக்கும் சேத்து நான் கேட்டுக்கினேன். நீ மாத்திரய வுட்றாத வாணி."

லீட்ஸுக்குத் திரும்பியதும், ஏன் மாத்திரை தவறியது என்று கிளினிக் நர்ஸ் கேட்டாள். வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார், அவர் இருக்கும்போது கொடுக்கக் கூடாது என்றேன். வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லியிருக்கலாமே என்றாள், ரொம்ப அக்கறையாக.

போன வாரம் கவினின் வகுப்பில் ஒரு குழந்தைக்கு அம்மை. கிளினிக்குக்கு உடனே சொல்லிவிட்டேன். மறுநாள் காலை வழக்கம்போல மாத்திரையை எடுத்து நீட்டினேன். "ஆத்தா, கோச்சிக்காதடி" என்று வாய் தானாக முணுமுணுத்தது. யாரிடம் பேசுகிறாய் என்று கவின் ஆங்கிலத்தில் கேட்டான். ஒன்றுமில்லை, முழுங்கு என்றேன் தமிழில். அவன் முழுங்கும்வரை கன்னத்தில் போட்டுக்கொண்டே நின்றேன்.