பனியில் கோடு விழாத பிள்ளை

"உங்கள் மகள் பனியில் கோடு விழாமல் சறுக்க எங்கே பழகினாள்?" கனடாவின் ஸ்காபரோவில் என் மகள் ஆரணிக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் பழக்கும் லிண்டா இதைக் கேட்டுப் பல மாதங்களாகின்றன. அன்று சிரித்துச் சமாளித்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டு மேசையிலிருந்து இதை எழுதும் இன்றும் அதற்குரிய ஆங்கிலம் என்னிடம் இல்லை.

ஆரணி பழகுவது நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் பாய்ச்சலும் சுழலும் அல்ல. ஒற்றைக் காலில் சறுக்கிப் பனித்தரையில் ஒரு வட்டம், மறு காலில் அதை ஒட்டி இன்னொரு வட்டம். எட்டு வந்துவிடும். பிறகு அதே எட்டின் மேல் பிசகாமல் திரும்பவும் போக வேண்டும். ஒரு காலத்தில் பெரிய போட்டிகளில் இது கட்டாயமாம். பார்க்கிற சனம் கொட்டாவி விட்டதால் எடுத்துவிட்டார்கள். எடுத்து இத்தனை வருடங்களுக்குப் பிறகு, அது போனதால்தான் உலகம் கெட்டது என்று நம்பும் சிலர் அங்கொன்றும் இங்கொன்றுமாக மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். லிண்டா அவர்களில் ஒருவர். சனிக்கிழமை விடிய, நாயும் வெளியே போக மறுக்கும் குளிரில், நன்றாகப் படித்த மனிதர்கள் பனியில் முழந்தாளிட்டு, மூக்கு முட்டக் குனிந்து, ஒரு கீறலைப் பற்றி வாக்குவாதப்படுவார்கள். எங்கள் நாட்டில் கண்ணிவெடி தேடுகிறவர்கள்தான் நிலத்தை அவ்வளவு பக்தியோடு பார்ப்பார்கள்.

மற்றத் தாய்மார் பிள்ளைகளைப் பாய விட்டார்கள். நான் இதில் சேர்த்தேன். கலை ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் காற்றில் எழும்ப வேண்டியதில்லை, கை கால் முறியாது. அதோடு புள்ளி போடுகிறார்கள். புள்ளி போடுகிற எதையும் எங்கள் ஆட்கள் வேண்டாமென்று சொன்னதுண்டா? ஆனால் அந்தப் புள்ளியில்தான் சிக்கல். நடுவர்கள் பிள்ளையின் முகத்தையோ உடுப்பையோ பார்ப்பதில்லை. அவள் போன பிறகு பனியில் கிடக்கும் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆரணி போன இடத்தில் கோடே இருக்காது. "யாரோ பின்னால் வருகிறார்கள் என்பதுபோல் சறுக்குகிறாள். காலில் பாரத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சோதனையில் சித்தியடையமாட்டாள்" என்றார் லிண்டா. சித்தியடையாவிட்டால் வகுப்பில் இடமில்லை. பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத என் பிள்ளைக்குச் சிநேகிதிகள் என்று இருப்பவர்கள் அந்த வகுப்பில்தான்.

கல்யாணமான புதிதில், சண்டைக் காலத்தில், நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். கீழே இருந்த வீட்டுக்காரச் சிங்கள நோனா நல்ல மனுசி. தமிழாட்களில் தனக்கு ஒரு குறையும் இல்லை, சத்தம் மட்டும் கேட்கக் கூடாது என்பார். சத்தம் போடாத தமிழாட்கள் எல்லோருக்கும் நல்லவர்கள்தானே. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படி ஏறுவேன். பஸ்ஸில் தமிழ் கதைக்க மாட்டேன். பொட்டைக் கழற்றிக் கைப்பையின் உட்பக்கம் ஒட்டிவிட்டு, தமிழாட்கள் நிறைந்த கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் திரும்ப நெற்றியில் வைப்பேன். அந்தக் கலைக்குப் போட்டி வைத்திருந்தால் கிண்ணம் எனக்குத்தான்.

கனடாவுக்குப் போன பிறகும் விடவில்லை. ஆரணி நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து "மெல்ல, மெல்ல" என்பேன். எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவன் நாள் முழுக்க டிரம்ஸ் அடிக்கிறவன். அவனுக்குத் தொந்தரவு வந்துவிடக் கூடாதாம்!

லிண்டா சொன்னதை மருந்துச் சீட்டுப் போல எடுத்துக்கொண்டேன். வீட்டில் தொம் தொம் என்று நடக்கச் சொன்னேன். ஆரணிக்குக் கொண்டாட்டம். சில வாரங்களில் பனியில் கோடு விழுந்தது. லிண்டா குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். விடுமுறை முடிந்து திரும்பியதும் சோதனை.

அந்தப் பாரத்தோடுதான் அவளைக் கொழும்புக்குக் கூட்டிவந்தேன். சமாதான காலத்தில் காணாமற்போன காவலரண் மணல்மூட்டைகளெல்லாம் மறுபடி வந்திருக்கின்றன. போன சனிக்கிழமை, மச்சாளின் கல்யாணத்துக்குக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போக, அக்காவும் நானும் ஆரணியும் ஓட்டோவில் ஏறினோம். வழியில் ஆமிக்காரர் மறித்து இறக்கினார்கள். என் கடவுச்சீட்டை ஒருவர் உள்ளே கொண்டுபோனார். திரும்பிப் பார்த்தால், ஆரணி மூட்டையிலிருந்து கொட்டிய மணலில் குதிக்காலால் எட்டுப் போட்டு, அதன் மேல் இரண்டாம் முறை போய்க்கொண்டிருக்கிறாள். இளம் சிப்பாய் ஒருவன் பக்கத்தில் வந்தான்.

"மே மொகத, துவ?" இது என்ன, மகள்? என்கிறான்.

அவளுக்குச் சிங்களம் தெரியாது. தெருவுக்கே கேட்கத் தமிழில் சொன்னாள்: "எட்டு! கிட்ட வந்து பாருங்கோ, கோடு ஒண்டுதான் தெரியும்!"

அவன் துவக்கைப் பின்னால் தள்ளி, முழங்காலில் கையூன்றிக் குனிந்தான். லிண்டாவின் நடுவர்கள் குனிவதுபோலவே. நான் பாய்ந்து போய்ச் செருப்பால் அதை அழித்தேன்.

"நிக்கங் மல்லி, செல்லமக்" என்றேன். சும்மா தம்பி, விளையாட்டு.

"ஐ அக்கே மெக்குவே?" என்றான்.

"ஏனம்மா அழிச்சீங்க? அவர் இன்னும் பாத்து முடியேல்லையே!" என்று ஆரணி கத்தினாள்.

இரண்டு மொழியிலும் ஒரே கேள்வி. இந்த நாட்டில் இரு பகுதியும் ஒத்துப்போனதை அன்றுதான் கண்டேன், அதுவும் எனக்கு எதிராக. விளையாட்டென்றால் ஏன் அழிக்க வேண்டும் என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கைப்பைகளைக் கொட்டினார்கள், ஓட்டோவின் சீற்றைக் கழற்றினார்கள், கல்யாணப் பரிசைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது ரைஸ் குக்கர். நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொம்பிளை மாப்பிள்ளை வாசலில் படத்துக்கு நின்றார்கள்.

"நீ அழிக்காம விட்டிருந்தா அவன் சிரிச்சிட்டுப் போயிருப்பான்," என்றேன் எனக்கு நானே, சத்தமாக.

"போடி விசரி," என்றாள் அக்கா. "மண்ணில என்ன படம் கீறினவள், ஆர் கீறச் சொன்னது எண்டு கேட்டிருந்தா உன்ர லிண்டாவையோ கூப்பிட்டுக் காட்டுவாய்? அழிச்சது நல்லது."



அன்றிலிருந்து ஆரணி இந்த வீட்டில் நடப்பது எனக்குக் கேட்பதில்லை. பின்னால் வந்து நிற்பாள், திடுக்கிட்டுத் திரும்புவேன். "இப்பதான் பிள்ளை ஒழுங்கா நடக்குது" என்று அக்காவுக்குப் பெருமை. நேற்று டைல்ஸில் காலுறையோடு எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டாள். காற்றுப் போல இருந்தது. சோதனைக்கு இன்னும் சில கிழமைகள்தான்.

"அங்க போன உடன திரும்பவும் பாரமா நடக்கலாம், என்ன?" என்றேன்.

"ஓம்," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிளேனுக்குள்ள எப்பிடி நடக்கிறது?" என்று கேட்டாள்.

இதை வாசிக்கும் தாய்மாரே, அங்கேயும் இங்கேயுமாகப் பிள்ளை வளர்ப்பவர்களே, நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்? வருகிற கிறிஸ்மஸுக்கும் வரச்சொல்லி அக்கா கேட்கிறாள். பிள்ளையை ஓரிடத்தில் பாரமாகவும் ஓரிடத்தில் பாரமில்லாமலும் பழக்க முடியுமா, அல்லது ஒன்றை விட்டுவிட வேண்டுமா? விட வேண்டுமென்றால் எதை? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.