கராஜ் அடுப்பும் பக்கத்து வீட்டுக்காரியும்

இந்தப் பனி நாட்டில், மல்வேர்னில் குடியேறிய எங்கள் தமிழ் ஆட்களின் வீடுகள் பலவற்றில் சமைக்க இரண்டு குசினிகள் உண்டு. உள்ளே இருப்பது வருகிறவர்களுக்குக் காட்ட. மீன் பொரிப்பதும் கருவாடு வதக்குவதும் கராஜுக்குள். குளிர்கால ஜக்கெற்றில் மீன் மணம் ஏறிவிட்டால் பஸ்ஸில் பக்கத்து சீற் காலியாகவே வரும். அந்த அவமானத்துக்குப் பயந்து கண்டுபிடித்த வழி இது. கார் வெளியே பனியில் நின்றால் நிற்கட்டும்.

எங்கள் கராஜ் அடுப்புக்கு வயர் இழுத்துத் தந்தது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியின் புருஷன். வேலை போய் வீட்டில் இருந்த மனுஷன், கை சும்மா இருக்காது. நகரசபை அனுமதி ஒன்றும் எடுக்கவில்லை. அதனால் சுவிட்சைப் பழைய பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அது இருக்கும் இடம் எங்கள் இரண்டு வீட்டாருக்கும் மட்டும்தான் தெரியும். கூலியாக ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி வாங்கிக்கொண்டு போனான்.

வேர்ஹவுஸ் வேலையில் முதுகு போனபிறகு நான் பிறந்தநாள் வீடுகளுக்கு ரோல்ஸ், கட்லட் என்று ஓடர் எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். எங்கள் சீவியம் ஓடியது அந்த அடுப்பில்தான்.

பின்னேரங்களில் அந்த வெள்ளைக்காரி மடக்குக் கதிரையோடு வந்து கராஜ் வாசலில் போட்டு அமர்ந்து சிகரெட் பிடிப்பாள். நான் கட்லட் உருட்டுவேன். என்னுடைய ஆங்கிலம் நொண்டி, அவளுடையது பல்லுக்குள் மெல்லுகிற ஆங்கிலம். ஆனாலும் கதை நிற்காது. போகும்போது நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டில் பலகாரம் கொடுத்துவிடுவேன். முதல்முறை அதைக் கழுவி வெறுமையாகத் தந்தாள். எங்கள் ஆட்கள் தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை, உறவு வேண்டாம் என்றால்தான் அப்படித் தருவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அதற்குப்பிறகு ஒருநாளும் வெறுமையாக வரவில்லை. இரண்டு பிஸ்கட், தேயிலைப் பை, எதுவோ ஒன்று. ஒருநாள் வீட்டில் வேறொன்றும் இல்லைப்போல, ஒரு வெங்காயத்தை நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அவளைக் கட்டிப்பிடித்தேன்.

அவளுடைய தகப்பன் இந்த வரிசை வீடுகளுக்குக் கல் அடுக்கியவராம். மகள் அதில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் வசதியானவர்கள் இருக்கும் மார்க்கம் நகரில் பெரிய வீடு கட்டியிருக்கும் எங்கள் ஆள். நான் போகிற அதே மாதா கோயிலுக்குத்தான் வருவார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார்:

"தங்கச்சி, உந்த வெள்ளையளை வீட்டாலை எழுப்பப் போறன். மகனுக்கு வீடு வேணும்."

"அண்ணை, அதுகள் பாவம். எங்கை போகுங்கள்?"

"பாவமோ? இந்த நாட்டிலை பிறந்தும் முன்னேறத் தெரியாத சோம்பேறியள். நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீடுகளிலை நெருக்கியடிச்சு, பாய் விரிச்சுப் படுத்து வந்தனாங்கள்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நீங்கள் வந்து இறங்கேக்கை ஃபக்டரி வாசலிலை நிண்டாலே வேலை தந்தாங்கள். இப்ப ஆர் தருகினம்?" என்று கத்திவிட்டேன். கோயில் வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு அவரும் மனைவியும் என்னோடு கதைப்பதில்லை.

வீட்டை விடச் சொல்லி அவளுக்கு அறிவித்தல் போனது. மடக்குக் கதிரை வரவில்லை. வெட்கம் போல, ஆறட்டும் என்று விட்டேன். அடுத்த கிழமை நகரசபை அதிகாரி ஒருவர் வந்தார். கராஜைத் திறந்தேன். மனுஷன் அடுப்பைப் பார்க்கவே இல்லை. நேரே பிரிட்ஜடிக்குப் போய்ப் பின்னால் கையை விட்டார். இரண்டு வீட்டாருக்கு மட்டும் தெரிந்த இடம்.

இணைப்பைத் துண்டித்தார்கள். இனி அங்கே சமைக்கக்கூடாது. சனிக்கிழமைக்கு ஓடர் தந்தவர்களுக்கு அழுதழுது போன் பண்ணினேன்.

நேரே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீயா சொன்னாய் என்று கேட்டேன். மறைக்கவில்லை. "ஓம்" என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இதுதான்: "உன்னுடைய ஆள்தான் எங்களைத் துரத்துகிறான். நீங்கள் எல்லாரும் ஒன்று. என் அப்பா கட்டின வீட்டை விட்டு நான் தெருவுக்குப் போகிறேன். நேற்று வந்த உனக்கு இரண்டு குசினி."

உனக்காகக் கோயில் வாசலில் சண்டை பிடித்தேனே என்றேன்.

"நான் கேட்கவில்லையே."

பின்னால் அவள் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாம்புக்குப் பால் வார்த்த கதை! என்னைத் தெரியாதவர்கள் பஸ்ஸில் மூக்கைப் பொத்தினார்கள், சரி. இவள் என் கட்லட் தின்றவள். அவளுடைய கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. மார்க்கம்வரை கல்லெறிய அவளுக்குக் கை எட்டவில்லை. எட்டின இடத்தில் நான் இருந்தேன். விளங்கினால் மட்டும் வயிறு எரியாமல் விடுமா?

அவர்கள் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு போன அன்று நான் ஜன்னல் சீலையை விலக்கவில்லை. சத்தம் அடங்கியபிறகு வெளியே வந்தேன். கராஜ் வாசலில் என்னுடைய நீலப்பூத் தட்டு இருந்தது. பளிச்சென்று கழுவி, வெறுமையாக.

வைக்க ஒன்றும் இல்லாமல் போயிருக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அவர்கள் ஏற்றாமல் விட்டுப்போன சாமான்களோடு, அவள் வாசற்படியில் ஒரு பை வெங்காயம் இருந்தது.